கையின் வாடை

இரைப்புழுவை வெறுங்கையால் தொடக் கூடாது என்பது தூண்டில்காரர்களிடையே உலகெங்கும் புழங்கும் நம்பிக்கை. மனித வாடை ஏறிய புழுவை மீன் சீந்தாது என்பார்கள். மேல்நாடுகளில் இதற்கென்று கையுறை போட்டுக்கொள்பவர்கள் உண்டு. வாடை தெரியாமல் இருக்கச் சோம்பு எண்ணெயை விரலில் தடவிக்கொள்பவர்களும் உண்டு. நம் ஊரில் அவ்வளவு செலவு கிடையாது. ஏரிக்கரைச் சேற்றை ஒரு பிடி அள்ளி இரண்டு உள்ளங்கையிலும் தேய்த்துக்கொண்டால் வேலை முடிந்தது.

நம் கையின் வாடை மீனுக்குத் தெரியுமா என்று கேட்டால், தெரியும். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. தெரிந்த பிறகு அது என்ன செய்கிறது, ஏன் அப்படிச் செய்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தக்கையைப் பார்த்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் இதை விட்டால் வேறு நல்ல யோசனையும் வராது.

இதை மரக்காணத்தில் வைத்து யோசிக்கிறேன். கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரியை நோக்கிப் போகிறவர்கள் கண்ணுக்கு அங்கே உப்பளம்தான் தெரியும். வெயிலில் கண்ணைக் கூசவைக்கும் பாத்திகள், வரப்பு ஓரமாகக் குவித்த உப்பு, அதன் மேல் வேய்ந்த கீற்று. ஆனால் அந்த ஊருக்கு இரண்டு தண்ணீர். வருடத்தின் பெரும்பகுதி உவர்நீர் ஆட்சி. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் உப்பு வேலை நின்றுபோகும். வேலையில்லாத அந்த மழை மாதங்களுக்காகத்தான் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் என்ற திட்டத்தைத் தமிழக அரசு 2022-ல் தொடங்கியது. அதே மழைதான் சுற்றுவட்டாரத்து ஏரிகளை நிரப்பி, உபரி நீரைக் கழுவெளி என்ற சதுப்பு நிலத்தில் கொண்டுவந்து கொட்டுகிறது. 2021-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளி 5,000 ஹெக்டேருக்கும் மேல் விரிந்தது. மழையில் நன்னீராகவும் கோடையில் உவராகவும் மாறி மாறி இருக்கும். காக்கிநாடாவில் கிளம்பும் பக்கிங்காம் கால்வாயும் இந்த வட்டாரத்துக்கு வந்துதான் முடிகிறது. ஆக, இங்கே நன்னீர் மீன்பிடி என்பது ஒரு பருவம். கெளுத்தி, விரால், கெண்டை, ஜிலேபி எல்லாம் மேலே உள்ள ஏரிகளிலிருந்து நீரோடு இறங்கிவரும். மடவையும் கொடுவாயும் கடல் பக்கத்திலிருந்து எதிரே ஏறிவரும். பாத்தியில் பலகை இழுத்த கைகள் அந்த மாதங்களில் தூண்டிலைப் பிடிக்கும்.

அப்படி ஒருவர் இரை கோர்ப்பதை அருகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். காலையில் உப்புக் குவியலுக்குக் கீற்று மாற்றிவிட்டு வந்தவர். கொட்டாங்கச்சியில் ஈரமண்ணுக்குள் நாக்குப்பூச்சிகள். அவர் உள்ளங்கை வெளுத்து, தடித்து, ரேகைகள் எல்லாம் வெடிப்புகளாகியிருந்தன. அந்த வெடிப்புகளுக்குள் உப்பு இன்னும் வெள்ளையாகத் தெரிந்தது. பூச்சியைத் தொடுவதற்கு முன்னால் கால்வாய்ச் சேற்றை எடுத்துக் கையை நன்றாகத் தேய்த்துக் கழுவினார். ஒரு தடவை கழுவிவிட்டு, விரலை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, மறுபடியும் கழுவினார்.

“ஏண்ணே, மனுச வாடை போறதுக்கா?” என்று கேட்டேன்.

“வாடைக்கு இல்லப்பா. கையில உப்பு கீது பாரு, அத்தோட தொட்டா பூச்சி சுருண்டு செத்துப்பூடும். செத்த பூச்சி நெளியாது. நெளியாத பூச்சிய மீனு எதுக்குத் தொடப்போவுது?”

பிறகு பெருவிரல் நகத்தால் பூச்சியை இரண்டாகக் கிள்ளி, முள்ளின் வளைவு தெரியாதபடி பாதியை மட்டும் ஏற்றி, வால் தொங்க விட்டார். தங்கூஸ் நரம்பை இரண்டு விரலுக்கு நடுவே விட்டு இழுத்துப் பார்த்தார். மனித வாடை அவர் கணக்கிலேயே இல்லை. கையைக் கழுவியது பூச்சிக்காக.

ஆனால் மனித வாடையைக் கண்டு அஞ்சுகிற மீன் உலகத்தில் இருக்கத்தான் செய்கிறது. 1950-களின் தொடக்கத்தில் கனடாவின் மேற்குக் கரையில் பிரெட், மெக்கின்னன் என்ற இரு ஆய்வாளர்கள் இதை நேரில் சோதித்தார்கள். கடலிலிருந்து ஆற்றுக்கு ஏறிவரும் சால்மன் மீன்கள், மீன் ஏறுவதற்கென்று கட்டிய மீன்படிகளில் ஒவ்வொன்றாகத் தாவிப் போய்க்கொண்டிருந்தன. மேலே நீரோட்டத்தில் பல பொருள்களைக் கலந்து பார்த்தார்கள். பெரும்பாலானவற்றை மீன்கள் சட்டை செய்யவில்லை. கரடியின் பாதத்தைக் கழுவிய நீரும் மனிதன் கை அலம்பிய நீரும் கலந்தபோதோ மீன்கள் ஏறுவதை நிறுத்தின. சற்று நேரம் தயங்கி, நீர் கழிந்துபோன பிறகு மறுபடி ஏறின. அந்த நீரில் அப்படி என்ன இருந்தது என்று தேடி, 1956-ல் இட்லரும் அவருடைய சகாக்களும் ஒரு பெயரைச் சொன்னார்கள்: செரின். பட்டின் பசையிலிருந்து 1865-ல் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்ட அமினோ அமிலம் அது. நம் தோலிலும் வியர்வையிலும் தாராளமாக இருக்கிறது.

தூண்டில்காரர்களின் வாடைப் பயத்துக்கு விஞ்ஞான ஆதாரம் என்று இன்றுவரை எடுத்துக்காட்டப்படுவது இந்த ஆய்வுதான். ஆனால் அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். முட்டையிட ஆற்றில் ஏறும் சால்மன் இரை எடுப்பதில்லை. உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்பை வைத்தே பயணத்தை முடித்துவிடும். ஆகவே அந்தச் சோதனையில் புழுவும் இல்லை, பசியும் இல்லை. ஆற்றின் குறுகலான இடங்களில் கரடி கால் ஊன்றிக் காத்திருக்கும், அங்கே போனால் சாவு என்பது அந்த மீனுக்குத் தலைமுறை தலைமுறையாக ஆறு சொல்லிக்கொடுத்த பாடம். கரடியின் பாதமும் நம் கையும் ஒரே பொருளைக் கசியவிடுவதால் நாமும் அந்தக் கணக்கில் சேர்ந்தோம்.

இன்னொன்று. செரின் நம் கையில் மட்டும் இருப்பதில்லை. மண்புழுவின் தசையிலும் இறாலின் சதையிலும் இருக்கிறது. எந்தப் புரதத்தைக் கிள்ளினாலும் கசிகிற பொருள்களில் அதுவும் ஒன்று. கிள்ளிய பூச்சி ஒன்று நீரில் விடும் சாற்றின் முன்னால் விரல் நுனியில் ஒட்டிவந்தது எம்மாத்திரம்? செரினைக் கண்டாலே ஓடுவது என்று மீன் முடிவெடுத்தால் அது பட்டினி கிடந்து சாக வேண்டியதுதான்.

நம் பக்கத்து மீன்களிடம் வருவோம். ஆற்றிலோ ஏரியிலோ காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்காத கிராமத்துப் பிள்ளை உண்டா? அசையாமல் இருந்தால் சற்று நேரத்தில் கெண்டைக் குஞ்சுகள் வந்துவிடும். குதிகாலில், கட்டைவிரல் இடுக்கில், ஆறிவரும் புண்ணின் பொருக்கில் கொத்தும். கூச்சம் தாங்காமல் காலை இழுத்தால் சிதறும், மறுபடி வைத்தால் மறுபடி வரும். மனிதத் தோலும் வியர்வையும் அந்த மீனுக்கு ஒரு தீனி. அதைக் கண்டு அஞ்சுவதாக இருந்தால் காலுக்கு வருவானேன்? இந்த ஒரு காட்சியே போதும் என்பேன், கையுறை வாங்கும் யோசனையைக் கைவிடுவதற்கு.

கெளுத்தியின் சங்கதி இன்னும் ஆழமானது. கெளுத்தி இனங்களின் மீசையில் மட்டும் இல்லை, உடல் முழுக்கச் சுவை மொட்டுகள் இருக்கின்றன. பெரிய மீன் ஒன்றில் அவை லட்சத்தைத் தாண்டும். கலங்கல் நீரில், இருட்டில், கண்ணை நம்பாமல் வாழும் மீன் அது. தண்ணீரில் கரைந்து வருவதை முதுகாலும் வாலாலும் சுவைத்துக்கொண்டே நீந்தும். அமெரிக்கக் கெளுத்திகளில் நடந்த ஆய்வுகள், அலனின், ஆர்ஜினின் போன்ற அமினோ அமிலங்களை அவை நம்ப முடியாத அளவு நீர்த்த நிலையிலும் உணர்வதைக் காட்டின. அலனினும் நம் வியர்வையில் இருக்கிறது. ஒரு மீனைத் தயங்கவைக்கும் பொருளும் இன்னொரு மீனைக் கிட்டே இழுக்கும் பொருளும் ஒரே உள்ளங்கையிலிருந்துதான் கசிகின்றன. விலாங்கின் மூக்கோ இதையும் மிஞ்சியது. ரோஜாவின் மணத்தில் உள்ள ஒரு பொருளை விலாங்குக்குப் பழக்கிப் பார்த்தார் ஜெர்மானியரான டைக்மன், 1950-களில். ஒரு பெரிய ஏரியின் நீர் முழுவதிலும் ஒரே துளி கலந்தாலும் அதற்குப் போதும் என்ற அளவில் முடிவு வந்தது. இப்படிப்பட்ட மூக்கிடமிருந்து சேற்றைத் தேய்த்து ஒளிந்துகொள்ளலாம் என்று நினைப்பது வீண். மறைக்க முடியாது. மறைக்க வேண்டிய தேவையும் இருந்ததாகத் தெரியவில்லை.

மீன் எதைக் கண்டு அஞ்சுகிறது என்பதைத் தமிழ்ப் புலவர் ஒருவர் கவனித்திருக்கிறார். தொண்டைநாட்டை ஆண்ட இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் ஒரு தூண்டில் காட்சி வைத்திருக்கிறார். பச்சை இறைச்சியைத் தோல்பையில் அடைத்துத் தோளில் மாட்டிய பாண்மகன், நீண்ட மூங்கில் கழியில் கயிறு கட்டி, வளைந்த இரும்பு முள்ளில் இரையைப் பொதிந்து போடுகிறான். வாளை மீன் வருகிறது. இரையைக் கவ்வி முள்ளை வெறுமையாக்கிவிட்டுத் தப்பிக்கிறது. தப்பிய அந்த மீன் பிறகு எதைக் கண்டு வெருள்கிறது? நீரோரத்தில் நிற்கும் பிரம்பின் நிழல் அசைவதைக் கண்டு.

அந்தப் பையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பதப்படுத்திய தோலின் நாற்றம், பச்சை இறைச்சியின் வீச்சம், பாணனின் கை வியர்வை. அவ்வளவும் ஏறிய இரையை வாளை தயங்காமல் கவ்வியது. வாளையும் கெளுத்திக் குடும்பங்களைச் சேர்ந்த மீன்தான், வாடை அறியாத மீன் இல்லை. முள் குத்திய வலிக்குப் பிறகு, மெல்லிய கழி போல ஏதோ மேலே ஆடுவது அதற்கு ஆபத்தாகிவிட்டது. மீனின் அச்சம் எங்கிருந்து பிறக்கிறது என்று புலவர் சரியாகப் பிடித்திருக்கிறார். நடந்ததிலிருந்து பிறக்கிறது.

நிழலைச் சொன்னோம். காலடியையும் சொல்ல வேண்டும். கெண்டைக்கும் கெளுத்திக்கும் காற்றுப்பையையும் உள்காதையும் இணைக்கும் சிறு எலும்புகள் உண்டு. வேபர் என்ற ஜெர்மன் உடற்கூற்றியலாளர் 1820-ல் அவற்றை விவரித்தார். கரையில் தொப்பென்று கால் வைத்தால் அந்த அதிர்வு நீரில் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் ஓடும், காற்றில் ஓடுவதைப் போல நாலு மடங்குக்கும் மேல். வாடையோ நீரோட்டம் கொண்டுபோகும் இடத்துக்குத்தான் போகும், நீரோட்டத்தின் வேகத்தில்தான் போகும். நாம் வந்திருக்கிறோம் என்ற செய்தியை மீனுக்கு முதலில் சொல்வது கால். கையைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டே கரையில் தடதடவென்று நடப்பவர்கள்தான் அதிகம்.

இத்தனையும் சொன்ன பிறகும், கையில் மீன் அஞ்ச வேண்டிய வாடை ஒன்று உண்டு என்பதைச் சொல்லாமல் விட முடியாது. 1938-ல் கார்ல் வான் ஃபிரிஷ் அதைக் கண்டார். தேனீக்களின் நடனத்தைப் படித்துச் சொன்னதற்காகப் பின்னாளில், 1973-ல், நோபல் பரிசு பெற்றவர் அவர். தொட்டியில் பழக்கிவைத்திருந்த சிறு மீன் கூட்டத்துக்குள் காயம்பட்ட மீன் ஒன்றைத் திரும்ப விட்டார். அதுவரை அவர் கையில் தீனி தின்ற கூட்டம் ஒடுங்கிச் சிதறி ஓடியது. காயம்பட்ட தோலிலிருந்து கசிந்த ஏதோ ஒன்றுதான் காரணம். கெண்டை, கெளுத்தி எல்லாம் அடங்கிய பெருங்கூட்டத்துக்கு இந்தத் தன்மை பொது. தோல் முழுசாக இருக்கும்வரை அந்தப் பொருள் வெளியே வராது. தோல் கிழிந்தால்தான் வரும். ஒரு மீன் தன் இனத்துக்கு விடும் கடைசி எச்சரிக்கை அது.

அப்படியானால் முதல் கெண்டையை முள்ளிலிருந்து கழற்றி, செதில் ஒட்டிய அதே விரலால் அடுத்த பூச்சியைக் கோர்க்கிறோமே, அப்போது விரலில் இருப்பது நம் வாடையா? நம் கை செய்த காரியத்தின் வாடை. சேற்றைத் தேய்த்துக் கழுவ வேண்டிய சமயம் ஏதாவது உண்டென்றால் அது தூண்டில் போடத் தொடங்கும் முன்பு இல்லை, முதல் மீன் கிடைத்த பின்பு.

இங்கே வந்து நிற்கும்போது எனக்கு ஒன்று தெளிவாகிறது. மனித வாடைக்கென்று தனியாக ஒரு பொருள் கிடையாது. மீனின் உலகத்தில் மனிதன் என்றொரு வகை இல்லை. கரைந்து வரும் சில பொருள்கள் இருக்கின்றன, அவற்றை அடுத்து நடந்தவை இருக்கின்றன. மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயில் குளத்தில் படியோரம் ஆள் வந்து நின்றாலே மீன்கள் மொய்க்கும். அங்கே மனிதன் என்றால் பொரி. சிருங்கேரியில் துங்கை ஆற்றுப் படித்துறையில் மீன் பிடிப்பதில்லை என்பது வழக்கம். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் பெரிய பெரிய மீன்கள் உரசிக்கொண்டு நிற்கும். கனடா ஆற்றில் அதே கையின் நீர் கரடியாகிவிட்டது. கை ஒன்றுதான். நாம் என்னவாக இருந்தோமோ அதுவே அந்தந்த நீரில் நம் வாடையின் அர்த்தமாகியிருக்கிறது. நமக்கு நாமே வைத்துக்கொண்ட பெயர்களை நீர் கேட்பதில்லை. நாம் செய்ததை மட்டும் அது மீனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

இந்தக் கடற்கரையில் நீரோடு கையாலேயே பேசிவந்தவர்கள் இருளர்கள். பழவேற்காட்டிலிருந்து பிச்சாவரம் வரை கழிமுகங்களில் அவர்கள் வலையும் தூண்டிலும் இல்லாமல் இறால் பிடிப்பார்கள். இடுப்பளவு, மார்பளவு நீரில் குனிந்து நகர்ந்தபடி சேற்றை விரலால் தடவுவார்கள். ஓலையில் முடைந்த பறியின் கயிற்றைப் பல்லில் கவ்வியிருப்பார்கள், இரண்டு கையும் தண்ணீருக்குள் இருக்க வேண்டுமே. பெண்கள் மணிக்கணக்காக இப்படித் தடவிக்கொண்டே போவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பொறுமையான கை என்று. விரல் இறாலின் மேல் படும்வரை அந்தக் கையில் அவசரம் கிடையாது. மனித வாடை நீரில் முழுக்கக் கரைந்து நிற்க, அதன் நடுவிலேயே நடக்கும் மீன்பிடி அது. எடுக்கிற அளவு அந்த ஓலைப்பறியின் அளவு. அப்படிப்பட்ட கையால் நீர் எத்தனை காலமானாலும் காலியாகாது என்றே நினைக்கிறேன்.

நீரைக் காலி செய்யும் கை வேறு. 1965-ல் ஜான் பார்டக்கும் அவர் குழுவினரும் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். துணி துவைக்கும் டிடர்ஜென்ட் கலந்த நீரில் கெளுத்திகளை வைத்துப் பார்த்தது அது. பத்து லட்சம் பங்கு நீருக்கு அரைப் பங்கு என்ற அளவிலேயே சுவை மொட்டுகள் அரித்துப்போயின. மீசையால் தீனியைத் தேடிக் கண்டுபிடிக்கும் திறன் குலைந்தது. மீன் சாகவில்லை. நீந்திக்கொண்டுதான் இருந்தது. அதற்கு எதுவும் தெரியாமல் போயிற்று, அவ்வளவுதான். இதே பார்டக்கும் சகாக்களும் 1967-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு, அதே இனக் கெளுத்திகள் ஒன்றையொன்று தனித்தனியாக வாடையாலேயே அடையாளம் கண்டுகொள்கின்றன என்று காட்டியது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் மனசு கனத்துப்போகிறது. தோழன் யார், பகை யார், தீனி எங்கே, பாதை எங்கே என்பதெல்லாம் கரைந்துவரும் பொருள்களில் எழுதப்பட்டிருக்கும் உலகம் அது. அந்த எழுத்தைப் படிக்கும் உறுப்பைத்தான் நாம் அரிக்கவிடுகிறோம். செம்பு கலந்த நீரும் சால்மன் குஞ்சுகளின் மூக்கைச் சில மணி நேரத்தில் மழுங்கடிப்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வயலுக்குத் தெளிக்கும் மருந்துகள் சிலவற்றிலும் செம்பு இருக்கிறது.

நம் வாடை மீனுக்குத் தெரிந்துவிடுமே என்றுதான் இத்தனை தலைமுறையாகத் தூண்டில்காரன் கவலைப்பட்டு வந்திருக்கிறான். தெரிவது நல்லது. தெரிந்தால்தான் அது வரவும் முடியும், விலகவும் முடியும். நம்மை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப்போகிற மீன் உயிருள்ள நீரின் மீன். கையை எவ்வளவு அழுக்காக வைத்துக்கொண்டாலும், எந்த எண்ணெயைத் தடவினாலும், எதையும் அறியாமல் வந்து முட்டுகிற மீன் நம் கால்வாய்களில் திரியத் தொடங்கினால், அன்றைக்குத்தான் நாம் அஞ்ச வேண்டும். அந்த மீனுக்குப் பொரியும் கரடியும் ஒன்று. அதனிடம் மனிதனைப் பற்றி எந்த நினைவும் இருக்காது, தன் இனத்தைப் பற்றியும் இருக்காது.

மரக்காணத்தில் இதை வெறும் தத்துவமாகப் பேசிவிட்டுப் போக முடியாது. மழைக்காலத்தில் கழுவெளிக்கும் கால்வாய்க்கும் வருகிற நன்னீர் மேலே எத்தனையோ ஊர்களைத் தொட்டுக்கொண்டு வருகிறது. ஏரிப் படித்துறையில் துவைக்கும் துணியின் நுரை அதில் வருகிறது. வயலில் தெளித்தது வருகிறது. கரையோரம் இறால் பண்ணைகள் பெருகிய கதை இந்தக் கடற்கரை முழுவதற்கும் தெரியும். சர்வோதயத் தலைவர் ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பண்ணைகளின் கழிவுநீர் பற்றிக் கடுமையாகப் பேசியது. 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்துக்கென்று சட்டமே வந்தது. அதற்குப் பிறகும் பண்ணை நீரைத் தேக்கித் தெளியவைத்து விடுகிறார்களா என்று ஓடைக்குப் போய்ப் பார்க்க வேண்டிய நிலைதான் இருக்கிறது. கடலில் பிறந்த விலாங்குக் குஞ்சு ஊசி போலத் தெளிவான உடம்போடு கழிமுகத்துக்கு வரும்போது உள்நாட்டு நீரின் வாடையைப் பிடித்துத்தான் மேலே ஏறுகிறது என்று ஐரோப்பாவில் ஆராய்ந்து கண்டிருக்கிறார்கள். மழைநீர் கடலுக்குள் கொண்டுபோகும் அந்த வாடைதான் அதற்கு வரவேற்பு. நாம் அதில் எதைக் கலந்து அனுப்புகிறோம்?

தூண்டில் போடப் புதிதாக வரும் பிள்ளைகள் கேட்டால் இப்படிச் சொல்வேன். வண்டி எண்ணெய், மண்ணெண்ணெய், கொசு விரட்டும் பசை, பீடிக் கறை இருந்தால் கையைக் கழுவு. சோப்பு வேண்டாம், அந்த நீரின் சேறே போதும். உப்பளத்திலிருந்து வருகிறாயா, பூச்சிக்காக இரண்டு தடவை கழுவு. வெயில் உன் முகத்தில் அடிக்கிற பக்கமாக உட்கார், நிழல் பின்னால் விழும். மெல்ல நட. மீனைக் கழற்றிய கையை அலம்பிவிட்டு அடுத்த இரையைத் தொடு. சிறு மீனாக இருந்தால் ஈரக்கையால் பிடித்துச் செதில் உதிராமல் திருப்பி விடு. கை வாடையைப் பற்றிக் கவலைப்படாதே.

பெரியவர்களிடம் கேட்பதற்கும் ஒன்று இருக்கிறது. ஏரிக்கு நீர் வரும் வாய்க்காலில் துவைகல் போடாமல், துவைத்த நீர் ஏரிக்கோ ஓடைக்கோ போகாதபடி தனியாக மண்ணில் இறங்கும் துவைதுறை ஒன்றை ஒவ்வொரு ஊராட்சியும் கட்டிக் கொடுக்கலாம். பெரிய செலவு இல்லை, ஒரு தொட்டி, ஒரு சரிவு, சரளைக் கல் நிரப்பிய ஒரு குழி. ஐப்பசி மழைக்கு முன்பு, புரட்டாசியிலேயே வாய்க்கால் தூர்வாரும் வேலையோடு சேர்த்து அதையும் முடித்துவிட்டால், அந்த வருடத்துத் தண்ணீருக்கே பயன்படும்.